அம்மன் காசு சொல்லும் பாடம்

போட்டித் தேர்வுக்குப் படித்துவரும் இளைஞர் ஒருவர் மாலை வேளைகளில் எங்கள் வீட்டுக்கு வருவதுண்டு. அண்மையில் ஒருநாள், உலக நாடுகளின் தலைநகரங்களும் நாணயங்களும் அடங்கிய பட்டியலைக் கொடுத்து, 'கேள்வி கேளுங்கள் சார்' என்றார். பூட்டான் என்றேன். 'திம்பு, நுல்ட்ரம்' என்றார். பனாமா என்றேன். 'பனாமா நகரம், பால்போவா' என்று நொடிப்பொழுதில் விடை வந்தது. அவருடைய நினைவாற்றலை மெச்சிவிட்டு, 'பனாமாவில் நூறு பால்போவா நோட்டு எந்த நிறத்தில் இருக்கும்?' என்று கேட்டேன். யோசித்தார். அப்படியொரு நோட்டே இல்லை என்பது பட்டியலில் இல்லை.

அடுத்து, 'சரி, புதுக்கோட்டை?' என்றேன். விளையாட்டாகக் கேட்பதாக எண்ணிச் சிரித்தார். ஆனால் அது விளையாட்டன்று. எண்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே மண்ணில் நின்று இக்கேள்வியைக் கேட்டிருந்தால் விடை உண்டு. தலைநகர் புதுக்கோட்டை, காசு, அம்மன் காசு.

தலைநகரையும் நாணயத்தையும் மனப்பாடம் செய்வதில் தவறேதும் இல்லை. ஆனால், அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கும் கேள்வியை, அதாவது அந்தக் காசின் மதிப்பைத் தீர்மானிப்பவர் யார் என்பதைக் கேட்காமல் விட்டுவிட்டால், பட்டியல் வெறும் பெயர்க்கோவையாகவே இருக்கும். அந்தக் கேள்விக்கான பாடம் தொலைதூர நாடுகளில் மட்டும் இல்லை. புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவான தொண்டைமான் அரசு, 1948 மார்ச் 3-ஆம் தேதி சென்னை மாகாணத்துடன் இணைக்கப்படும்வரை தனியரசாகவே நீடித்தது. சென்னை மாகாணத்தின் மாவட்டங்கள் சூழ்ந்திருந்தும், ஏறத்தாழ 1,200 சதுர மைல் பரப்புள்ள இச்சமஸ்தானம் தனக்கென அரசரையும் திவானையும் நீதிமன்றத்தையும் வைத்திருந்தது. ஆங்கிலேயருக்கு ஆண்டுதோறும் கப்பம் கட்டும் வழக்கமும் இதற்கு இல்லை. 1803-இல் கீழாநிலைக் கோட்டையை விட்டுக்கொடுத்தபோது ஆண்டுக்கு ஒரு யானை திறையாகத் தரவேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. அந்த யானையை ஆங்கிலேயர் கேட்டு வாங்கியதே இல்லை. 1836-இல் நிபந்தனையும் நீக்கப்பட்டது.

தலைநகரும் பெயரளவிலான தலைநகரன்று. 1812-ஐ ஒட்டி நேர்ந்த பெருந்தீக்குப் பிறகு, தஞ்சாவூரில் ரெசிடெண்டாக இருந்த மேஜர் பிளாக்பர்னின் யோசனையை ஏற்று, நேரான அகன்ற வீதிகளுடன் நகரம் புதிதாக அமைக்கப்பட்டது. திருவிதாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878-இல் இங்கு வந்த சர் ஏ. சேஷய்ய சாஸ்திரி அதை மேலும் சீர்படுத்தினார். இன்றும் ராஜ வீதிகளில் நடப்பவர்கள் அந்த ஒழுங்கைக் காணலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குவதும் அந்நாளைய புதிய அரண்மனையில்தான்.

இனிக் காசைப் பார்ப்போம். அம்மன் காசு ஒரு சிறு செப்புக்காசு. மக்கள் 'அம்மன் சல்லி' என்றும் சொல்வார்கள். ஒரு பக்கத்தில் திருக்கோகர்ணத்தில் கோயில் கொண்டுள்ள பிரகதாம்பாளின் உருவம். மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்ற சொல். தமிழ் மண்ணின் காசில் தெலுங்கு எழுத்து ஏன் என்று மாணவர்கள் கேட்பார்கள். விஜயநகர, நாயக்கர் காலந்தொட்டுத் தென்னக அரசவைகளில் தெலுங்குக்கு இருந்த செல்வாக்கின் எச்சம் அது. மன்னர்கள் தங்களைப் 'பிரகதாம்பாதாஸ்' என்று, அதாவது அம்மனின் அடியவர் என்று, அழைத்துக்கொண்டார்கள். ஆகவே காசில் அரசரின் தலை இல்லை; அம்மன் இருந்தாள்.

இக்காசு நவராத்திரியோடு நெருங்கிய தொடர்புடையது. 18-ஆம் நூற்றாண்டில் திருவரங்குளம் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரர் அன்றைய மன்னருக்கு மணலில் எழுதி உபதேசம் செய்ததாகவும், அவர் சொற்படியே நவராத்திரி விழா சிறப்பாக நடத்தப்பட்டதாகவும் மரபுச் செய்தி ஒன்று உண்டு. அந்த விழா நாட்களில் ஏழைகளுக்கு அரிசியும், அதனுடன் அம்மன் காசும் வழங்கப்பட்டன. தானமாகக் கைக்கு வந்த காசு கடைவீதியில் செலாவணியாகச் சுற்றியது. தொடக்கத்தில் கையால் அடிக்கப்பட்ட இக்காசு, 1889 முதல் இயந்திரத்தில் அச்சிடப்பட்டது.

மதிப்பு என்ன? ஓர் அணாவுக்கு இருபது அம்மன் காசு. ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆக, ஒரு ரூபாய்க்கு 320 அம்மன் காசு. பிரிட்டிஷ் இந்தியாவிலோ ரூபாய்க்கு 64 பைசா, 192 தம்படி. அதாவது, அன்றைய தம்படியைவிடவும் சிறியது புதுக்கோட்டைக் காசு. மிகச் சிறிய தொகைக்குப் பொருள் வாங்கவேண்டிய ஏழைக்கு மிகச் சிறிய நாணயம் தேவை. அது இல்லாத ஊரில் ஒரு பிடி கீரை வேண்டியவர் இரண்டு பிடி வாங்கவேண்டும். அல்லது கடன் சொல்லவேண்டும். சில்லறை என்பது ஏழையின் பணம். அதைத் தட்டுப்பாடின்றித் தருவதும் ஓர் அரசின் கடமைதான். அந்த அளவில் அம்மன் காசு தன் கடமையைச் செய்தது.

ஆனால் அதன் எல்லையும் இதிலேயே தெரிகிறது. புதுக்கோட்டை அரசு ரூபாயை அச்சிடவில்லை, அணாவையும் அச்சிடவில்லை. நிலவரியும் சம்பளமும் அரசின் வரவு செலவும் பிரிட்டிஷ் இந்திய ரூபாயில்தான் கணக்கிடப்பட்டன. பணத்துக்கு மூன்று வேலைகள் உண்டு என்று பொருளியலில் முதல் பாடமாகச் சொல்வோம். மதிப்பை அளக்கும் அளவுகோல், கைமாறும் கருவி, சேமிப்புக்கான கலன் என்பவை அவை. அம்மன் காசு இரண்டாவது வேலையை, அதுவும் கடைசிப் படியில் மட்டுமே செய்தது. அளவுகோல் வேறொருவர் கையில் இருந்தது.

மற்ற சமஸ்தானங்களோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். ஐதராபாத் நிஜாம் தனக்கென வெள்ளி ரூபாயும், 1918 முதல் காகித நோட்டும் வெளியிட்டார். ஏறத்தாழ ஏழு ஐதராபாத் ரூபாய் ஆறு பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்குச் சமம். திருவிதாங்கூர் சக்கரம், பணம் என்று தனக்கென ஒரு நாணய வரிசையையே வைத்திருந்தது. ராஜஸ்தானத்தின் ஆல்வார் சமஸ்தானமோ 1877 முதல் விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த ரூபாயையே தன் பெயரில் ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்துக்கு ஏணி முழுவதும் சொந்தம். புதுக்கோட்டைக்கு ஏணியின் கடைசிப் படி மட்டும் சொந்தம்.

இதன் விளைவு என்ன என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தையில் வெள்ளியின் விலை தொடர்ந்து சரிந்தது. ரூபாய் வெள்ளிக்காசு என்பதால் அதன் மதிப்பும் சரிந்தது. லண்டனுக்குப் பவுனில் பணம் அனுப்பவேண்டிய இந்திய அரசுக்கு இது பெருஞ்சுமையாயிற்று. 1893 ஜூனில், பொதுமக்கள் வெள்ளியைக் கொண்டுவந்து கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் உரிமை நிறுத்தப்பட்டது. அன்றுமுதல் ரூபாயின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் மதிப்பிலிருந்து பிரிந்தது. வெள்ளி நகையைச் சேமிப்பாக வைத்திருந்த விவசாயிக்கு இது நேரடி இழப்பு. இந்த முடிவைப் பற்றிப் புதுக்கோட்டைத் தலைநகரைக் கேட்டவர் யாருமில்லை. கேட்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அணாவுக்கு இருபது என்று கட்டப்பட்ட காசு, அணா போன வழியிலேயே போயிற்று.

இப்போது பனாமாவுக்கு வருவோம். 1904 முதல் அந்நாட்டின் நாணயம் பால்போவா. ஒரு பால்போவா, ஒரு அமெரிக்க டாலருக்குச் சமம். இன்று பால்போவாவில் நாணயங்கள் உண்டு, நோட்டுகள் இல்லை. நோட்டு என்றால் டாலர்தான். சில்லறை தன்னுடையது, பெரிய பணம் பிறருடையது என்ற ஏற்பாடு, நம் அம்மன் காசின் ஏற்பாட்டை அப்படியே நினைவூட்டுகிறது. ஈக்வடார், கிழக்குத் திமோர் ஆகிய நாடுகளும் டாலரை ஏற்றுக்கொண்டு, சென்டாவோ எனும் சில்லறைக் காசுகளை மட்டும் தாமே வெளியிடுகின்றன. அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தினால், பனாமாவில் வீட்டுக் கடனும் அந்தத் திசையில்தான் நகரும். பனாமாவின் பொருளாதாரம் அப்போது வளர்கிறதா தேய்கிறதா என்பது வாஷிங்டனின் கணக்கில் வராது.

அப்படியானால், ஒரு நாடு இந்த உரிமையை ஏன் விட்டுக்கொடுக்கிறது? பல நேரங்களில், அந்த உரிமையைத் தவறாகப் பயன்படுத்தியதால்தான். ஈக்வடாரின் பழைய நாணயமான சுக்ரே, 2000-ஆம் ஆண்டில் ஒரு டாலருக்கு 25,000 என்ற விகிதத்தில் கைவிடப்பட்டது. வங்கிகள் கவிழ்ந்து, சேமிப்புகள் கரைந்த பிறகு எடுத்த முடிவு அது. ஜிம்பாப்வேயின் நிலை இன்னும் மோசம். 2009 ஜனவரியில் நூறு லட்சம் கோடி டாலர் என்று அச்சிட்ட ஒற்றை நோட்டை அந்நாடு வெளியிட்டது. அதே ஆண்டில் தன் நாணயத்தையே கைவிட்டு, அயல்நாட்டுப் பணத்தில் வாழத் தொடங்கியது. பின்னர் மீண்டும் சொந்த நாணயத்துக்குத் திரும்பி, 2024-இல் 'ஜிக்' என்ற புதிய நாணயத்தை அறிமுகப்படுத்தியது. அச்சகத்தின் சாவி அரசிடம் இருப்பது பெருமைதான். அந்தச் சாவியைத் திருப்பும் கைக்குக் கட்டுப்பாடு வேண்டும்.

மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். 2008-இல் ஐஸ்லாந்தின் பெரிய வங்கிகள் வீழ்ந்தன. அந்நாட்டுக்கு க்ரோனா என்ற சொந்த நாணயம் இருந்தது. அதன் மதிப்பு ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. இறக்குமதிப் பொருள்கள் விலை ஏறின, மக்கள் துன்பப்பட்டார்கள்; ஆயினும் ஏற்றுமதியும் சுற்றுலாவும் மலிவாகி, மீட்சிக்கு வழி பிறந்தது. ஓரிரு ஆண்டுகளில் கிரேக்கமும் நெருக்கடிக்குள் விழுந்தது. அந்நாட்டிடம் இருந்ததோ யூரோ. அதன் மதிப்பை ஏதென்ஸ் குறைக்கமுடியாது. நாணயத்தின் மதிப்பு குறைய வழியில்லாதபோது சம்பளமும் ஓய்வூதியமும் குறையவேண்டியதாயிற்று, வேலையின்மை பெருகியது. இரு நாடுகளும் பட்டியலில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கக்கூடும். ஆனால் ஒன்றுக்கு நாணயம் அதிர்ச்சி தாங்கியாக இருந்தது; மற்றொன்றுக்கு அந்த வசதி இல்லை.

சொந்த நாணயம், கடன் வாங்கிய நாணயம் என்ற இரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு. பெயரும் நோட்டும் சொந்தமாக இருக்கும். மதிப்பு மட்டும் வேறொரு நாணயத்தோடு கட்டப்பட்டிருக்கும். பூட்டானின் நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்குச் சமம். நேபாளத்தில் நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய் என்பது 1993 முதல் மாறாத கணக்கு. புருனே டாலரும் சிங்கப்பூர் டாலரும் 1967-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஒன்றுக்கு ஒன்று மாறுகின்றன. மேற்கு ஆப்பிரிக்காவில் எட்டு நாடுகள் சி.எஃப்.ஏ. பிராங்கைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றுக்கு எட்டுத் தலைநகரங்கள்; மத்திய வங்கி ஒன்றே, செனகலின் டாக்கரில். அந்த பிராங்க்கின் மதிப்போ யூரோவோடு கட்டப்பட்டது.

இது ஏதோ தூர தேசத்துச் செய்தி என்று நம் மாவட்டத்தார் ஒதுக்கிவிட முடியாது. அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் கோட்டைப்பட்டினத்திலும் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்து நடக்கும் குடும்பங்கள் ஏராளம். மகன் சவூதியிலிருந்து அனுப்பும் ரியாலுக்கு இன்று எவ்வளவு என்று கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் பலர் நகைக்கடன் வட்டியைக் கட்டுகிறார்கள். சவூதி ரியால் 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என்று நிலையாக நிற்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம் 1997 முதல் 3.6725. எனவே 'ரியால் ஏறிவிட்டது' என்று நாம் சொல்லும்போது, உண்மையில் ரியாத்தில் எதுவும் நடந்திருப்பதில்லை. டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ரியாலையும் திர்ஹத்தையும் தனித்தனியாகக் கவனித்துக் குழம்பவேண்டியதில்லை. டாலர் ஒன்றைக் கவனித்தால் போதும்.

சிங்கப்பூர் டாலர் அப்படியன்று. அந்நாட்டின் நாணய ஆணையம், வட்டி விகிதத்தைவிட நாணய மாற்று விகிதத்தையே தன் முதன்மைக் கருவியாகக் கொண்டு விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது. பல நாடுகளின் நாணயங்கள் அடங்கிய ஒரு தொகுப்போடு ஒப்பிட்டு, தன் டாலரை ஒரு வரம்புக்குள் நகரவிடுகிறது. ஆகவே சிங்கப்பூரில் வேலை பார்ப்பவரின் குடும்பமும் சவூதியில் வேலை பார்ப்பவரின் குடும்பமும் ஒரே தெருவில் வசித்தாலும், அவர்களுடைய வருமானம் இரு வேறு விதிகளுக்கு உட்பட்டது.

ஒரு காலத்தில் இந்த வளைகுடா நாடுகளில் புழங்கியது நம் ரூபாய்தான் என்பதை இளைய தலைமுறையினர் நம்பமாட்டார்கள். குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் ஆகிய இடங்களில் இந்திய ரூபாயே அன்றாடப் பணம். தங்கக் கடத்தலுக்கு ரூபாய் நோட்டுகள் பயன்பட்டதால், 1959-இல் ரிசர்வ் வங்கி அப்பகுதிக்கென்றே தனி நிறத்தில் 'வளைகுடா ரூபாய்' நோட்டுகளை வெளியிட்டது. 1961-இல் குவைத் தனக்கென தினாரைக் கொண்டுவந்து விலகியது. 1966 ஜூன் 6-ஆம் தேதி இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்தது; 4.76 ரூபாயாக இருந்த ஒரு டாலர் 7.50 ரூபாயாயிற்று. தில்லியில் எடுத்த முடிவால் தோகாவிலும் துபாயிலும் வணிகர்களின் கையிருப்பு ஒரே நாளில் மதிப்பிழந்தது. கத்தாரும் துபாயும் அதே ஆண்டில் புதிய நாணயத்துக்கு மாறின. 1893-இல் புதுக்கோட்டை எந்த இடத்தில் நின்றதோ, 1966-இல் அந்நாடுகள் அந்த இடத்தில் நின்றன. முடிவெடுத்த இடத்தில் இம்முறை நாம் இருந்தோம்.

பட்டியலைப் படிப்பவர்களுக்கு நேரும் இன்னொரு மயக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். குவைத் தினார் ஒன்று மூன்று டாலருக்கும் மேல். ஜப்பானின் யென்னோ ஒரு டாலருக்கு நூற்றுக்கும் மேல். இதை வைத்து, குவைத்தின் பொருளாதாரம் ஜப்பானை விட வலிமையானது என்று யாராவது முடிவு கட்டினால் அது பிழை. ஒரு படியை எத்தனை ஆழாக்காகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து அதிலுள்ள அரிசி கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. எண் பெரிதா சிறிதா என்பதைவிட, அது ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு நிலையாக நிற்கிறது என்பதே கேள்வி. 2022-இல் இலங்கையில் நடந்தது அதுதான். ஆண்டின் தொடக்கத்தில் டாலருக்கு ஏறத்தாழ 200-ஆக இருந்த இலங்கை ரூபாய், சில மாதங்களில் 360-ஐத் தாண்டிச் சரிந்தது. ஏப்ரலில் அந்நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். நாணயம் வீழும்போது முதலில் வீழ்வது சாமானியரின் அடுப்படிதான்.

தலைநகரம் பற்றியும் ஒரு சொல். ஆட்சி நடக்கும் ஊரில்தான் பணத்தின் ஆட்சியும் நடக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. ஜெர்மனியின் தலைநகர் பெர்லின். யூரோவை ஆளும் ஐரோப்பிய மத்திய வங்கி இருப்பது பிராங்க்பர்ட்டில். நம் தலைநகர் தில்லி. 1935-இல் கொல்கத்தாவில் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் தலைமையகம் 1937 முதல் மும்பையில். நம் சட்டைப் பையிலேயே இந்தப் பிரிவினை உண்டு. நூறு ரூபாய் நோட்டில் ரிசர்வ் வங்கி ஆளுநரின் உறுதிமொழியும் கையொப்பமும் இருக்கும். ஒரு ரூபாய் நோட்டில் அந்த உறுதிமொழி இருக்காது. மத்திய அரசின் நிதித்துறைச் செயலரின் கையொப்பம் இருக்கும். ஒரு ரூபாய் நோட்டும் நாணயங்களும் அரசு வெளியிடுபவை. மற்ற நோட்டுகள் வங்கி வெளியிடுபவை. மிகச் சிறிய பணத்தை அரசு தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் இந்த வழக்கத்தில், அம்மன் காசின் சாயல் எனக்குத் தெரிகிறது.

தமிழில் காசு 'செல்லும்', 'செல்லாது' என்கிறோம். செலாவணி என்ற சொல்லும் அந்த வேரிலிருந்து வந்ததே. காசு என்பது உலோகமோ காகிதமோ அன்று. அது கைவிட்டுக் கைசெல்லும் என்ற நம்பிக்கை. இதற்கான மிகப் பழைய சான்று ஒன்றும் நம் மண்ணில் கிடைத்திருக்கிறது. 1898-இல் ஆலங்குடி வட்டாரத்துக் கறுக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் வெளிப்பட்டது. அகஸ்டஸ் தொடங்கி வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே ஆழமான வெட்டு இருந்தது. இனி இது காசாகச் செல்லாது, பொன்னாக மட்டுமே எடை போடப்படும் என்று காட்டவே அப்படி வெட்டினார்கள் என்பது அறிஞர்கள் தரும் விளக்கம். பொன் குறையவில்லை, ரோமின் வாக்கு மட்டும் அந்த வெட்டோடு முடிந்துபோயிற்று. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகளுக்கு நேர்ந்ததும் இதுவே. அங்கே உளி செய்த வேலையை இங்கே ஓர் அறிவிப்பு செய்தது. பொற்காசிலாவது பொன் எஞ்சியது. நோட்டில் எஞ்சியது காகிதம்.

1948-இல், ராஜகோபாலத் தொண்டைமான் காலத்தில், சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தின் மாகாணத்தோடு கலந்தது. தலைநகர், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஓர் ஊராயிற்று. 1974 ஜனவரி 14-ஆம் தேதிதான் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. அம்மன் காசின் காலமும் சமஸ்தானத்தோடு முடிந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு நூறு காசு என்ற தசம முறை வந்தபின், அணாவும் தம்படியும்கூட விடைபெற்றன.

இதில் நாம் இழந்தோமா? உணர்வளவில் இழப்பு உண்டு. என் தலைமுறையின் பல வீடுகளில், பூஜை அறைச் செம்பில் ஓர் அம்மன் காசு கிடந்ததுண்டு. ஆனால் பொருளியலின் கணக்கில் பார்த்தால், புதுக்கோட்டைக்கு அன்றுவரை இல்லாத ஒன்று கிடைத்தது. அம்மன் காசு இருந்த காலத்தில், ரூபாயின் மதிப்பைத் தீர்மானிப்பதில் இவ்வூர் மக்களுக்குக் குரல் இல்லை. இன்று காசில் நம் அம்மன் இல்லை. ஆனால் ரூபாயின் போக்கைக் குறித்துக் கேள்வி கேட்கும் நாடாளுமன்றத்துக்கு நாம் உறுப்பினரை அனுப்புகிறோம். சொந்தக் காசும் குரலின்மையுமா, பொதுக் காசும் குரலுமா என்று கேட்டால், நான் இரண்டாவதையே தேர்வேன். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. அந்தக் குரலை நாம் பயன்படுத்தவேண்டும். விலைவாசி, வட்டி, நாணய மாற்று விகிதம் ஆகியவை நிபுணர்களின் விவகாரம் என்று ஒதுங்கிவிட்டால், சமஸ்தானக் குடிகளுக்கும் நமக்கும் வேறுபாடில்லை.

இதைப் பள்ளியிலிருந்தே தொடங்கலாம். தலைநகர்ப் பட்டியல்கள் ஓரிடத்தில் நிற்பவையல்ல. கஜகஸ்தானின் தலைநகர் 2019-இல் நூர்சுல்தான் ஆகி, 2022-இல் மீண்டும் அஸ்தானா ஆயிற்று. குரோஷியா 2023-இல் குனாவை விட்டு யூரோவுக்கு மாறியது. மனப்பாடம் செய்தது மறந்துபோகும், அல்லது காலாவதியாகும். மாணவர்களைத் திருக்கோகர்ணத்திலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று, பழங்காசுகளின் முன் நிறுத்தி, 'இதை அடித்தவர் யார், இதன் மதிப்பைத் தீர்மானித்தவர் யார்?' என்று கேட்கலாம். அந்த இரண்டு கேள்விகளுக்கும் வெவ்வேறு விடைகள் இருக்கக்கூடும் என்று தெரிந்துகொண்ட மாணவர், பனாமாவையும் பூட்டானையும் தாமே புரிந்துகொள்வார்.

அந்த இளைஞர் மறுநாள் வந்தபோது, பட்டியலில் மூன்றாவதாக ஒரு பத்தியைப் பேனாவால் வரைந்திருந்தார். தலைப்பு: 'யார் கையில்?' பனாமாவுக்கு நேரே வாஷிங்டன் என்றும், பூட்டானுக்கு நேரே மும்பை என்றும் எழுதியிருந்தார். கடைசியில் தம் கையெழுத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. 'புதுக்கோட்டை – அம்மன் காசு – கல்கத்தா, லண்டன்.' தேர்வில் இந்தக் கேள்வி வராது என்று அவருக்கும் தெரியும். எனினும், அந்தப் பட்டியலில் அவர் புரிந்துகொண்டு எழுதிய முதல் வரி அதுதான் என்று எனக்குத் தோன்றியது.